18 அடி படகில் கரையோரமாக 186 மைல்: என் திட்டத்தில் எங்கே ஓட்டை?

கேட்டவர்: அல்லிப்படகு

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக ஒரு 18 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, ஒரே இன்ஜின். உள்ளேயே பொருத்திய 90 லிட்டர் டேங்க். இதுவரை போனதெல்லாம் காலையில் கிளம்பி, கரை கண்ணில் படும் தூரத்திலேயே சுற்றிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பும் பயணங்கள்தான். ஒரே மூச்சில் அதிகமாகப் போனது 12 கடல் மைல்.

இப்போது நானும் ஒரு நண்பரும் கரையை ஒட்டியே மூன்று நாள் போகலாம் என்றிருக்கிறோம். முதல் நாள் 64 மைல், இரண்டாம் நாள் 70, மூன்றாம் நாள் 52. மொத்தம் 186. ஒவ்வொரு இரவும் ஒரு துறைமுகம், அங்கேயே பெட்ரோல்.

கணக்கு இதுதான்: 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் இன்ஜின் மணிக்கு 12 லிட்டர் குடிக்கிறது என்று மீட்டர் சொல்கிறது. மைலுக்கு 0.6 லிட்டர். நீளமான 70 மைலுக்கும் 42 லிட்டர்தான், பாதி டேங்க் கூட ஆகாது. மூன்றரை மணி நேர ஓட்டம். காலை 9 மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கையில் இருப்பவை: லைஃப் ஜாக்கெட் இரண்டு, கையடக்க விஎச்எஃப் ரேடியோ, வரைபடச் செயலி போட்ட போன், 30 மீட்டர் கயிறோடு நங்கூரம், படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப். துணைக்கு ஒரு சின்ன இன்ஜின் வாங்க வேண்டுமா? வேறு எதை மறந்திருக்கிறேன்?


பதில் 1: துடுப்பு

12 மைல் போனவர் அடுத்த தடவை நேராக 70 மைலா! நடுவில் ஒரு 30 மைல் போய்ப் பாருங்க. இவ்வளவு சாமானும் நண்பரும் ஏறின பிறகு உங்க மீட்டர் அதே 12 லிட்டரைக் காட்டாது, எழுதி வெச்சுக்கோங்க. இரண்டாவது இன்ஜின் இல்லாம நான் கரையை விட்டு நகர்றதே இல்ல. மத்ததை விவரமானவங்க சொல்வாங்க.


பதில் 2: உப்புக்கை

உங்கள் கணக்கில் ஒரே ஒரு எண்தான் தப்பு. மற்ற எண்கள் எல்லாம் அதன் தலையில் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். அந்த 20 நாட்.

அது உங்கள் படகின் வேகமில்லை. கடல் தர மனசு வைக்கும்போது கிடைக்கிற வேகம். எதிர்க்காற்று 15 நாட் அடித்து, ஒரு மீட்டர் உயரச் செங்குத்து அலைகள் வரிசையாக வந்தால் 18 அடிப் படகால் 20-இல் ஓட முடியாது. ஓட்டினால் அலைக்கு அலை எகிறி விழும். முன்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகெலும்பே முறியலாம். மிகைப்படுத்தவில்லை, சின்ன வேகப் படகுகளில் நடக்கிற விபத்துதான் அது. ஆகவே தானாகவே த்ராட்டிலைக் குறைப்பீர்கள். 8, 9 நாட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

வேகம் குறைந்தால் பெட்ரோலும் குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். மணிக்கணக்கில் பார்த்தால் குறையும், மைல்கணக்கில் கூடும். 20-இல் படகு தண்ணீர் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 5, 6 நாட்டில் தண்ணீரை அமைதியாக விலக்கிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவே 8, 9-இல் இரண்டுங்கெட்டான் நிலை: அணியம் (படகின் மூக்கு) வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தண்ணீரில் புதையும், தன் அலையின் மேட்டிலேயே ஏற முடியாமல் ஏறிக்கொண்டிருக்கும். என் படகும் கிட்டத்தட்ட உங்கள் அளவுதான். அந்த வேகத்தில் மைலுக்கு ஒரு லிட்டர் குடிக்கும். 70 மைல் முழுக்க அப்படிப் போக நேர்ந்தால் 70 லிட்டர். டேங்கில் அடிமட்டத்து ஐந்தாறு லிட்டரை இன்ஜின் உறிஞ்சாது, ஆட்டத்தில் காற்றைத்தான் இழுக்கும். மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள்.

படகுக்காரர்களிடையே பழைய கணக்கு ஒன்று உண்டு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. ஒருவழிப் பயணமானாலும் கடைசிப் பங்கை நான் தொடுவதில்லை. உங்களுக்கு அது 30 லிட்டர். ஆக செலவுக்கு இருப்பது 60, அதையும் மைலுக்கு ஒரு லிட்டர் என்றே போடுங்கள். எதிர் நீரோட்டம் 2 நாட் இருந்தால் அதிலும் கால்வாசி போய்விடும். 45 மைலுக்கு மேல் ஒரு நாளைக்குத் திட்டம் போடாதீர்கள் என்பது என் கணக்கு. 186 மைல் என்றால் ஐந்து ஓட்டங்கள். மூன்றல்ல.

நேரத்தையும் அப்படியே போடுங்கள். நான் எந்தப் பயணத்தையும் 7 நாட் என்று வைத்துத்தான் தாளில் எழுதுவேன். 70 மைல் பத்து மணி நேரம். 9 மணிக்குக் கிளம்பினால் இரவு 7. தெரியாத துறைமுகத்துக்கு இருட்டில் போவதா? பாறையை வரைபடம் காட்டும். வலையையும் மிதவைக் கயிற்றையும் எந்த வரைபடமும் காட்டாது. 45 மைல் என்றால் ஆறரை மணி நேரம். விடிகிற நேரத்தில் கிளம்பினால் மோசமான நாளிலும் மதியம் ஒரு மணிக்குள் துறைமுகத்தில் படகைக் கட்டிவிடலாம். நிலம் சூடேறிக் கடல்காற்று பலமெடுக்கும் நேரத்தில் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். கடல் நல்லபடியாக இருந்து 20-இல் ஓட முடிந்தால் இரண்டே கால் மணியில் போய்ச் சேர்ந்து தூங்குங்கள், யார் வேண்டாம் என்றார்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மச்சானும் நானும் இதே மாதிரி ஒரு நாலு நாள் பயணம் கிளம்பினோம். மூன்றாம் நாள் 58 மைல். பாதி தூரம் கண்ணாடி மாதிரிக் கடல். பதினொன்றரைக்குக் காற்று எழுந்தது, பன்னிரண்டுக்கு நாங்கள் 8 நாட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தோம். மூன்று மணிக்குத் துறைமுகத்து வாயில். அது ஓர் ஆறு கடலில் கலக்கும் இடம், குறுக்கே மணல்திட்டு. ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓட, கடலலை உள்ளே வர, இரண்டும் முட்டும் இடத்தில் அலைகள் நெருங்கி, உயர்ந்து, சுவர் மாதிரி நிமிரும். கடல் பக்கமிருந்து பார்த்தால் அது தெரியாது. உடையும் அலையின் முதுகைத்தான் நாம் பார்க்கிறோம், அது வழவழப்பாக இருக்கும்.

இன்னும் மூன்று மணி நேரம் வெளியே காத்திருந்தால் ஓதம் திரும்பியிருக்கும். வற்றும் ஓதத்தில் அந்த வாயில் நுழையக்கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டேங்கில் ஏழோ எட்டோ லிட்டர். நங்கூரம் போட்டுக் காத்திருக்கலாமே என்பீர்கள். 14 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் கயிறு பிடிக்காது. அந்த அலையில் கயிறு ஆழத்தைப்போல் ஏழு மடங்காவது வேண்டும்.

ஆகவே நுழைந்தோம். அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும், அதை முந்தக்கூடாது, பின்னால் வருவது நம்மைப் பிடிக்கவும் விடக்கூடாது. இரண்டு அலைக்குச் சரியாகச் செய்தேன். மூன்றாவது பின்பக்கத்தைத் தூக்கியது, அணியம் தண்ணீரில் குத்தியது, படகு கண்மூடித் திறப்பதற்குள் குறுக்கே திரும்பிவிட்டது. அடுத்த அலை பக்கவாட்டில் ஏறி முழங்கால் வரை தண்ணீர். பையெல்லாம் மிதந்தது. இன்ஜின் அணையாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவ்வளவுதான், திறமை ஒன்றுமில்லை. மச்சான் கரையேறி ஜாக்கெட்டைக் கழற்றினவர், அதற்குப் பிறகு என் படகில் ஏறவேயில்லை.

அன்று எங்களை மாட்டிவிட்டது அலை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் தீர்ந்த பெட்ரோல்தான் மாட்டிவிட்டது. 7 நாட் கணக்குப் போட்டிருந்தால் அந்த 58 மைலை நான் இரண்டாக வெட்டியிருப்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நடுவில் ஒதுங்கக்கூடிய இடங்களை எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்தத் திசைக் காற்றில் அது மூடிக்கொள்ளும், எந்த ஓதத்தில் நுழையலாம், குறைந்தபட்ச ஆழம் என்ன என்பதும் வேண்டும். ஒரு காற்றுக்குப் புகலிடமாக இருப்பது எதிர்க்காற்றில் பொறி. அதோடு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் குறியுங்கள்: “9 மணிக்குள் அந்த முனையைத் தாண்டவில்லை என்றால் திரும்பு.” இதைக் கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும். கடலில் இருக்கும்போது மனசு எப்போதும் “இன்னும் கொஞ்சம்தானே” என்றுதான் சொல்லும்.

முனைகளைச் சுற்றும்போது ஒட்டிப் போகாதீர்கள். நீரோட்டம் அங்கே வேகமெடுக்கும், காற்று அதற்கு எதிரே இருந்தால் சின்னக் காற்றுக்கே கொந்தளிக்கும். காற்று கரையை நோக்கி அடிக்கிற நாளில் குறைந்தது இரண்டு மைலாவது தள்ளி ஓடுங்கள். இன்ஜின் நின்றால் படகு மணிக்கு ஒரு மைலோ ஒன்றரையோ கரைப்பக்கம் மிதக்கும், உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். 200 மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தால் இன்ஜின் மூடியைக் கழற்றுவதற்குள் பாறையில் இருப்பீர்கள்.

வானிலை பற்றி இரண்டு விஷயம் மட்டும். முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் எல்லா அலைகளின் சராசரி இல்லை, பெரிதாக உள்ள மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், நாள் முழுக்க வெளியே இருப்பவர் மூன்று மீட்டர் அலை ஒன்றையும் பார்க்க நேரலாம். கூடவே எத்தனை விநாடிக்கு ஒன்று என்றும் போட்டிருக்கும், அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்றரை மீட்டர் 10 விநாடிக்கு ஒன்று வந்தால் தொட்டில். அதே உயரம் 5 விநாடிக்கு ஒன்று என்றால் நான் வீட்டில்தான் இருப்பேன். காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆனால் அதன் தள்ளுவிசை இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்கு.


பதில் 3: ஸ்பேனர்

உப்புக்கை அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம். நான் இன்ஜின் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

அமைதியான கடலில் மூன்று வருஷம் ஓடிய டேங்கின் அடியில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீர், பிசின், துரும்பு எல்லாம் சமர்த்தாகப் படிந்து கிடக்கும். முதல் நாள் நல்ல ஆட்டத்தில் அது கலங்கி மொத்தமாக ஃபில்டருக்கு வரும். மோசமான கடலில்தான் இன்ஜின் நிற்கிறது என்று பலர் ராசியைத் திட்டுவார்கள். ராசி இல்லை, வண்டல். கிளம்பும் முன் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள், மாற்று ஃபில்டர் இரண்டு கையில் இருக்கட்டும். அதை ஒரு தடவை கரையில் நீங்களே மாற்றிப் பாருங்கள், பிறகு நண்பரை மாற்றச் சொல்லுங்கள்.

இம்பெல்லர், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரை இறைக்கிற சின்னச் சக்கரம், எப்போது மாற்றினீர்கள்? நினைவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். ஓடும்போது பின்னால் பீய்ச்சுகிற தண்ணீரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அது மெலிந்தால் முதல் சந்தேகம் பிளாஸ்டிக் பை. இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள், பத்தில் எட்டுத் தடவை பைதான் உறிஞ்சும் ஓட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பைக்குள்: ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், ப்ரொப்பல்லர், அதன் நட்டு, கோர்க்கும் பின், இன்ஜின் ஆயில், கத்தி. கத்தி கயிறு அறுக்க.

துணை இன்ஜின் விஷயத்தில் துடுப்போடு எனக்கு ஒப்புதல் இல்லை. 6 குதிரைத்திறன் உங்கள் படகை அமைதியான தண்ணீரில் நாலைந்து நாட்டில் தள்ளும். 20 நாட் எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்க வைத்தாலே பெரிது. அதையும் அதே டேங்கிலிருந்து ஓட்டினால் அதே வண்டல் இரண்டு இன்ஜினையும் நிறுத்தும். வாங்கினால் தனி டேங்கோடு வாங்குங்கள். அதற்கு முன்னால் நங்கூரக் கயிற்றை நீட்டுங்கள். அண்ணன் சொன்ன மடங்குக் கணக்கில் உங்கள் 30 மீட்டர் நாலைந்து மீட்டர் ஆழத்துக்குத்தான் ஆகும். 100 மீட்டர் கயிறு, முன்னால் ஐந்தாறு மீட்டர் சங்கிலி, மறுமுனை படகில் கட்டியிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், கட்டாமல் விட்டு மொத்தக் கயிறும் போய்ச் சேர்ந்ததை நேரிலேயே பார்த்திருக்கிறேன். இன்ஜின் நின்ற படகுக்கு அதுதான் பிரேக்.

கூடுதல் பெட்ரோலைக் கேனில் எடுத்துப் போவதென்றால் கேனைக் கரையில் தரையில் வைத்து நிரப்புங்கள், படகுக்குள் வைத்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதற்கு ஒரு பொறி போதும்.

பில்ஜ் பம்ப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். உங்கள் பம்ப் பெட்டியில் போட்டிருக்கிற அளவு, பேட்டரி முழுதாக இருந்து தண்ணீரை மேலே ஏற்ற வேண்டியிராதபோது கிடைப்பது. கூம்பு வடிவ மரத்தக்கை நாலு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியும்.


பதில் 4: பதினாறில் இருக்கிறேன்

பல வருஷம் கரையில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். உதவி கேட்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், “எங்கே இருக்கிறோம்” என்பதைத் தவிர. பயத்தில் குரல் ஓடும், இடம் கடைசியில் வரும், அதற்குள் பேட்டரி தீரும் அல்லது கைநழுவும்.

ஆகவே ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். அவசர அழைப்புக்கான சேனல் 16. “மேடே மேடே மேடே, இது அல்லி, அல்லி, அல்லி.” பிறகு ஒரு தடவை “மேடே அல்லி”. அடுத்த மூச்சிலேயே இடம். பிறகு என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், படகு எப்படி இருக்கும். உயிருக்கு இப்போதே ஆபத்து இல்லை, இன்ஜின்தான் நின்றது என்றால் “மேடே” இல்லை, “பான்-பான்”. அதுவும் மூன்று தடவை. நண்பரும் இதை வாய்விட்டுப் படித்துப் பழக வேண்டும். பொத்தானை அமுக்காமல்!

இடத்தைச் சொல்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. போன் செயலிகள் பல 10.50 டிகிரி என்று தசமத்தில் காட்டும். ரேடியோவில் டிகிரியும் நிமிடமுமாகச் சொல்வது வழக்கம். 10.50 என்பது 10 டிகிரி 30 நிமிடம். அவசரத்தில் “பத்து டிகிரி ஐம்பது நிமிடம்” என்று படித்துவிட்டால், அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் ஆதலால், தேடுகிறவர்கள் 20 மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள். போன், ஜிபிஎஸ் இரண்டையும் இன்றே ஒரே முறைக்கு மாற்றுங்கள்.

கையடக்க ரேடியோ வைத்திருப்பது நல்லது, அதை மட்டும் நம்பாதீர்கள். அதன் 5 வாட்டுக்கும் பொருத்திய ரேடியோவின் 25 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விட ஆன்டெனாவின் உயரம் முக்கியம். விஎச்எஃப் அலை தொடுவானத்தைத் தாண்டிப் பெரிதாக வளையாது. படகில் உட்கார்ந்து கையில் பிடித்துப் பேசினால், உங்களைப் போன்ற இன்னொரு சின்னப் படகுக்கு ஐந்தாறு மைலுக்கு மேல் கேட்பது கஷ்டம். பொருத்துகிற ரேடியோ வாங்கினால் டிஎஸ்சி வசதி உள்ளதாக, ஜிபிஎஸ் இணைத்ததாக வாங்குங்கள். சிவப்பு மூடிக்குள் இருக்கும் பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் உங்கள் ரேடியோவின் 9 இலக்க அடையாள எண்ணும் (எம்எம்எஸ்ஐ) இருக்கும் இடமும் சேனல் 70-இல் தானாகவே போகும். அது போக நீங்கள் பேச வேண்டியதில்லை.

ரேடியோ எட்டாத இடத்துக்கு பிஎல்பி, அதாவது ஆள் உடம்பில் கட்டிக்கொள்ளும் அபாய அறிவிப்புக் கருவி. அதன் சமிக்ஞை 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பஸ்-சார்சாட் என்ற மீட்பு அமைப்பின் செயற்கைக்கோளுக்குப் போகும். ஒரு தடவை இயக்கினால் 24 மணி நேரமாவது துடிக்கும். படகுக்கான இபிஐஆர்பி என்றால் 48. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள கருவியை யாராவது சும்மா தருகிறார்கள் என்று வாங்காதீர்கள், 2009 பிப்ரவரி முதல் அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. வாங்கினதும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போகும். அதைப் பையில் வைக்காதீர்கள். ஜாக்கெட்டில் கட்டுங்கள். நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது பை படகில் இருக்கும்.

கரையில் ஒருவரிடம் காகிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்: படகின் படம், நிறம், எத்தனை பேர், வழி, ஒதுங்கும் இடங்கள், பேசுவதாகச் சொன்ன நேரம். “சேர்ந்ததும் பேசுறேன்” என்று மட்டும் சொன்னால் அவர் ராத்திரி பத்து மணி வரை சும்மா இருப்பார். “2 மணிக்குள் பேசுவேன், 4 மணி வரை பேசாவிட்டால் மீட்பு மையத்துக்குச் சொல்” என்று எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். சேர்ந்த பிறகு பேச மறக்கவும் கூடாது. நான் பார்த்ததில் பாதித் தேடல் அப்படி மறந்தவர்களுக்காகத்தான்.


அல்லிப்படகு:

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு ஒரு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு சங்கடங்கள். நண்பருக்கு நாலு நாள்தான் விடுப்பு, ஐந்து ஓட்டத்துக்கு இடமில்லை. இன்னொன்று, அவருக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


பதில் 5: உப்புக்கை

விடுப்பு கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் பெரிய ஆபத்து. திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர் படகில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் காற்று எப்போதும் பரவாயில்லாமல்தான் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கிறது. நாலு நாளில் ஐந்து ஓட்டம் வேண்டாம், இரண்டு ஓட்டம் போதும். 90 மைல் போய், படகை அங்கேயே விட்டுவிட்டு டிரெய்லரோடு சாலையில் போய் எடுத்து வாருங்கள். மிச்சம் இரண்டு நாள் துறைமுகத்தில் உட்கார்ந்து காற்றைப் பார்க்க. பார்க்க வேண்டி வராவிட்டால் மீன் பிடியுங்கள்.

நீச்சல்: தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் கடலில் விழுந்தவரை மிதக்க வைப்பது ஜாக்கெட்தான், நீச்சலில்லை. 150 நியூட்டன் மிதப்பு விசை உள்ள ஜாக்கெட், தொடைவார் சேர்த்து இறுக்கிக் கட்டியது. தொடைவார் இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் காது வரைக்கும் ஏறி நிற்கும், ஆள் கீழே தொங்குவார். கிளம்பியதிலிருந்து படகைத் துறைமுகத்தில் கட்டும் வரை கழற்றக்கூடாது, நீங்களும்தான்.

நான் கவலைப்படுவது அவர் விழுவதைப் பற்றி இல்லை. நீங்கள் விழுவதைப் பற்றி. ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு உங்கள் காலில் இருந்தால் இன்ஜின் நிற்கும், சரி. பிறகு? படகில் மிஞ்சியிருப்பவர் வெறும் பயணி. மாற்று கில் ஸ்விட்ச் கயிற்றைப் போட்டு இன்ஜினைக் கிளப்ப, காற்றுக்கு எதிரே மெல்ல வர, உங்கள் பக்கத்தில் வந்ததும் இன்ஜினை அணைக்க அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு காலி கேனைத் தூக்கிப் போட்டு அவரைப் போய் எடுத்து வரச் சொல்லுங்கள். பத்துத் தடவை. நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள், அதுதான் கஷ்டம்.

அப்புறம், ஆழமில்லாத இடத்தில் ஜாக்கெட்டோடும் முழு உடையோடும் குதித்து, யாரும் கைகொடுக்காமல் படகில் ஏறிப் பாருங்கள்.


அல்லிப்படகு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டேங்கைக் கழுவினோம். ஸ்பேனர் சொன்னது சரி, அடியில் டீ டிகாக்ஷன் மாதிரி வந்தது. முழுச் சாமானும் ஏற்றி, 16 மைல் போய்வந்து அளந்தோம். 20-இல் மைலுக்கு 0.6 இல்லை, 0.72. 9 நாட்டில் 1.1. துடுப்புக்கு ஒரு கும்பிடு.

அப்படியானால் என் எல்லை 45 இல்லை, 40-தான் என்று போட்டு வழியைத் திரும்ப வெட்டினேன். இரண்டு ஓட்டம், 38-ம் 36-ம். இரண்டாவது ஓட்டத்தில் ஆற்றுவாய் ஒன்று இருக்கிறது. ஏறும் ஓதம் காலை 11-க்கு முடிகிறது, அதனால் கிளம்பும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 7 நாட் கணக்கில் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டி வருகிறது. அதனால் பயணத்தையே மூன்று நாள் தள்ளி, ஏறும் ஓதம் இன்னும் தாமதமாக முடியும் நாட்களுக்கு மாற்றிவிட்டோம். நண்பர் கேனை ஏழாவது தடவைதான் ஒழுங்காக எடுத்தார்.

படகில் ஏற முடியவில்லை. ஏணியின் கடைசிப் படி தண்ணீருக்கு மேலேயே நின்றுவிடுகிறது, காலை வைக்க இடமில்லை. 20 நிமிடம் தொங்கிவிட்டு, நடந்து கரைக்கு வந்தேன்.


பதில் 6: ஸ்பேனர்

இன்னும் இரண்டு படி கீழே இறங்குகிற மடக்கு ஏணி போடுங்கள். தண்ணீருக்குள் இருந்து கையை நீட்டினாலே கீழே இழுத்துவிட முடிகிற மாதிரி இருக்கணும், மேலே கொக்கி போட்டு மாட்டுகிற வகை வேண்டாம். போட்ட பிறகு இன்னொரு தடவை குதிங்க.